போனுக்கும் வாட்சுக்கும் வானிலை ஆப்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

ஒரே தெருவில் நிற்கும் இரண்டு பேர் போனை எடுக்கிறார்கள். ஒருவர் போனில் மாலை 4 மணிக்கு மழை. இன்னொருவர் போனில் வெறும் மேகமூட்டம். எந்த ஆப் நல்ல ஆப் என்று கேட்பதற்கு முன்னால், இரண்டு ஆப்களும் அந்த எண்களை எங்கிருந்து வாங்குகின்றன என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான வானிலை ஆப்கள் தாமாக எதையும் கணிப்பதில்லை. உலகில் சில பெரிய வானிலை மையங்கள் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டும் கணிப்பு மாடல்களின் முடிவை வாங்கி, சூரியன் படமும் குடைப் படமும் போட்டுக் கொடுக்கின்றன. படத்தின் அழகைப் பார்த்து ஆப் தேர்ந்தெடுப்பது, அட்டையைப் பார்த்து அரிசி மூட்டை வாங்குவது போல.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு வானிலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கோடை வெப்பச்சலன மழை, ஐப்பசி கார்த்திகை அடைமழை, கடற்கரைப் புழுக்கம், மலையடிவார வேறுபாடு எல்லாம் ஆப்பை வெவ்வேறு விதமாகச் சோதிக்கும்.

எண் எங்கிருந்து வருகிறது

மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஐரோப்பிய மையத்தின் ஈசிஎம்டபிள்யூஎஃப் மாடல், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான். மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய மாடலின் கட்டம் சுமார் 9 கி.மீ., மற்ற இரண்டும் சுமார் 13 கி.மீ. இந்தியா 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டத்தின் கட்டம் 6 கி.மீ.

ஒரு இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். 9 கி.மீ. கட்டத்துக்குள் அது முழுதாக ஒளிந்துகொள்ளும். அடையாறில் கொட்டித் தீர்க்கும் மழை நுங்கம்பாக்கத்தில் தூறல்கூட இல்லாமல் போவது இதனால்தான் எந்த ஆப்பிலும் சரியாக வருவதில்லை. 'உங்கள் தெருவுக்கான துல்லியமான கணிப்பு' என்று ஒரு ஆப் சொன்னால், அது கட்டத்தின் எண்ணை உங்கள் தெருப் பெயரின் கீழ் எழுதியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

ஆகவே முதல் வேலை, ஆப்பின் செட்டிங்ஸ் அல்லது 'அபவுட்' பக்கத்தில் தரவு மூலம் எழுதியிருக்கிறதா என்று தேடுவது. விண்டி, வென்டஸ்கை இரண்டிலும் எந்த மாடல் என்பதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நார்வே வானிலை நிறுவனத்தின் 'யர்' ஆப் இலவசம், விளம்பரம் கிடையாது. நம் பகுதிக்கு அது ஐரோப்பிய மாடலைத்தான் காட்டுகிறது. ஐபோனில் கூடவே வரும் வெதர் ஆப்பில் பக்கத்தின் அடியில் தரவு பற்றிய இணைப்பு இருக்கும். மூலத்தை எங்கேயும் சொல்லாத ஆப்பை அப்போதே நீக்கிவிடலாம். அப்படிப்பட்ட ஆப் தவறினால் ஏன் தவறியது என்று உங்களால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு ஆப் வைத்துக்கொள்கிறவர்கள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான். ஐரோப்பிய மாடலையே காட்டும் இரண்டு ஆப்களைப் போட்டுவிட்டு, 'இரண்டும் ஒத்துப்போகின்றன, நிச்சயம் மழைதான்' என்று நம்புவது. அது ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்ட மாதிரி. ஒன்று ஐரோப்பிய மாடல் என்றால் மற்றது ஜிஎஃப்எஸ் அல்லது ஐகானாக இருக்கட்டும். இரண்டு வேறு மாடல்கள் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் அதுவே ஒரு தகவல்: இன்றைய நிலவரம் கணிக்கக் கடினமானது, ரேடாரைப் பார்க்க வேண்டிய நாள்.

எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். மாடல்களின் முக்கிய ஓட்டம் நம் நேரப்படி காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் உள்ள நிலவரத்தை வைத்துத் தொடங்குகிறது. கணக்கு முடிந்து வெளிவரச் சில மணி நேரம் ஆகும். ஜிஎஃப்எஸ் காலை 9 முதல் 10.30-க்குள் வந்துவிடும். ஐரோப்பிய மாடல் வர நண்பகல் ஆகும். காலை 8 மணிக்கு ஆப்பில் நீங்கள் பார்ப்பது முந்தைய இரவு நிலவரத்தில் ஓடிய கணக்கு. மாலையில் துணி காயப் போடலாமா, கான்கிரீட் போடலாமா, நெல்லைக் களத்தில் விடலாமா என்பது போன்ற முடிவுக்கு மதியம் 1 மணிக்கு மேல் மறுபடி ஒரு முறை பாருங்கள். காலையிலிருந்து பத்து முறை திறந்து பார்ப்பதில் புதிதாக எதுவும் கிடைக்காது.

மலைக்கும் மலையடிவாரத்துக்கும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நேர்கோட்டில் இரண்டுக்கும் இடையே அதிகத் தூரமில்லை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், இரண்டு ஊருக்கும் சுமார் 10 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். மாடலின் கட்டமோ உள்ளே இருக்கும் மலையையும் பள்ளத்தையும் சேர்த்துச் சராசரி உயரம் ஒன்றை வைத்துக்கொள்கிறது. சில ஆப்கள் உங்கள் இடத்தின் உண்மையான உயரத்துக்கு ஏற்ப வெப்பத்தைத் திருத்திக் காட்டும். சில காட்டாது.

சோதிப்பது எளிது. ஆப்பில் மேட்டுப்பாளையத்தையும் குன்னூரையும் சேர்த்து ஒரே நேரத்து வெப்பத்தைப் பாருங்கள். வித்தியாசம் 3, 4 டிகிரிதான் காட்டுகிறது என்றால் அந்த ஆப் உயரத்தைத் திருத்துவதில்லை. ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை போகிறவர்களுக்கு அது உதவாது. திருத்தும் ஆப்பிலும் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடாமல், வரைபடத்தில் விரலை அழுத்திப் புள்ளி வையுங்கள். ஊர்ப் பெயருக்கு ஆப் எடுத்துக்கொள்ளும் புள்ளி பேருந்து நிலையமா, தாலுகா அலுவலகமா, வேறு மாநிலத்தில் இருக்கும் அதே பெயர் ஊரா என்று தெரியாது.

40 சதவீதம் மழை என்றால் என்ன

அந்த மணி நேரத்தில் அந்தப் புள்ளியில் அளக்கக்கூடிய மழை விழ 100-க்கு 40 வாய்ப்பு என்று பொருள். ஊரில் 40 சதவீத இடத்தில் பெய்யும் என்றோ, 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ பொருள் இல்லை. எவ்வளவு பெய்யும் என்பதையும் அது சொல்லாது. 90 சதவீத வாய்ப்புடன் அரை மில்லிமீட்டர் தூறலும் வரலாம், 40 சதவீத வாய்ப்புடன் தெருவில் தண்ணீர் நிற்கும் மழையும் வரலாம். எனவே வாய்ப்பு, அளவு இரண்டையும் மணி வாரியாகத் தனித்தனியே காட்டும் ஆப்தான் வேண்டும். ஒரு நாளுக்கு ஒரே ஒரு படம் காட்டும் ஆப் நம் ஊருக்கு ஆகாது. இங்கே காலை வெயில், மாலை இடிமழை என்பதுதான் பாதி வருடம்.

அளவைப் படிக்க வானிலை ஆய்வு மையத்தின் பிரிவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நள்ளிரவு கணக்கு இல்லை. செய்திகளில் சென்டிமீட்டரில் சொல்வார்கள், ஆப்பில் மில்லிமீட்டரில் வரும். 7 செ.மீ. என்றால் 70 மி.மீ.

மையத்தின் அறிக்கையில் வரும் இடச் சொற்களுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' முக்கால் வரை. 'பெரும்பாலான இடங்களில்' அதற்கும் மேல். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று அறிக்கை சொன்ன நாளில் உங்கள் வீட்டில் பெய்யாவிட்டால் கணிப்பு பொய்த்துவிட்டது என்று ஆகாது.

மிகப் பெரிய மழைக்கு மட்டும் ஆப்பின் எண்ணை நம்பி இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. கட்டம் கட்டமாகச் சராசரி எடுக்கும் மாடல் இப்படிப்பட்ட உச்சத்தைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். ஆப்பில் 150 மி.மீ. என்று வந்தாலே அதை 'குறைந்தது இவ்வளவு' என்று எடுத்துக்கொண்டு, வானிலை மையத்தின் எச்சரிக்கையைத் திறந்து பாருங்கள்.

எவற்றைப் போனில் வைக்கலாம்

ஒரே ஆப்பில் எல்லாம் கிடைக்காது. மூன்று வேலைக்கு மூன்று ஆப் என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறையில் நிற்கிறது.

எச்சரிக்கைக்கு: இந்திய வானிலை துறையின் 'மௌசம்' ஆப். 2020-இல் வந்தது. மாவட்ட வாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை காட்டும். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் உண்டு. அதுதான் இதில் மிகப் பயனுள்ள பகுதி. மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப்பில் எச்சரிக்கை தமிழிலேயே வரும். வீட்டில் பெரியவர்கள் போனில் இதைப் போட்டுக் கொடுங்கள். வெளிநாட்டு ஆப்கள் தாமாக எழுதும் 'வெதர் அலர்ட்' வரிகளை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதிகாரபூர்வ எச்சரிக்கை வானிலை மையத்திடமிருந்து மட்டும்தான்.

திட்டமிட: விண்டி, வென்டஸ்கை, யர் இவற்றில் ஏதாவது ஒன்று. விண்டி என்ற பெயரில் இரண்டு தனித்தனி நிறுவனங்களின் ஆப்கள் உள்ளன. மாடல்களை அருகருகே ஒப்பிட வசதியானது விண்டி.காம் என்ற முகவரியைக் கொண்ட ஆப். மற்றது விண்டி.ஆப், காற்று விளையாட்டுக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தது. நிறுவும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். விண்டி.காமில் உங்கள் புள்ளியைத் தொட்டு 'கம்பேர்' பகுதிக்குப் போனால் எல்லா மாடல்களும் வரிசையாக வரும். முன்னே சொன்ன 'ஒத்துப்போகிறதா' சோதனையை அங்கேயே செய்யலாம். இலவசப் பதிப்பு 3 மணி நேர இடைவெளியில் காட்டுவது பெரும்பாலான வேலைக்குப் போதும்.

மின்னலுக்கு: புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்த 'தாமினி'. உங்களைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் விழுந்தால் அறிவிப்பு தரும். வயலில், கட்டடத்தின் மேல், மைதானத்தில் வேலை செய்கிறவர்கள் வேறு எந்த ஆப் போடாவிட்டாலும் இதைப் போட வேண்டும். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. கூரை உள்ள கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

விவசாயிகளுக்கு 'மேக்தூத்' உண்டு. மாவட்ட முன்னறிவிப்போடு பயிருக்கான ஆலோசனை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் புதுப்பிக்கப்படும். கடலுக்குப் போகிறவர்கள் அலை, கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றே இல்லாமல் திடீரென எழும் பெரிய அலை) எச்சரிக்கைக்கு ஐதராபாத் இன்காய்ஸ் மையத்தின் தகவலைப் பார்க்க வேண்டும். சாதாரண வானிலை ஆப்பில் வரும் காற்று எண்ணை வைத்துப் படகை இறக்கக் கூடாது. காற்றின் அலகையும் சரிபாருங்கள்: ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ., விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கி.மீ. 'காற்று 20' என்று பார்த்துச் சாதாரணமாக நினைத்தது மீட்டர் கணக்காக இருந்தால், அது மணிக்கு 72 கி.மீ. புயல் காற்று.

பிறகு ரேடார். அடுத்த ஒரு மணி நேரத்தில் மழை வருமா என்பதற்கு எந்த மாடலையும்விட ரேடார் படம்தான் நம்பத் தகுந்தது. ஆனால் பல வெளிநாட்டு ஆப்களில் 'ரேடார்' என்று போட்டு இந்தியாவுக்கு மாடல் கணிப்பையோ செயற்கைக்கோள் மதிப்பீட்டையோ அசைவுப் படமாக்கிக் காட்டுகிறார்கள். அடையாளம் காண ஒரு வழி: உண்மையான ரேடார் படத்தில் மழை சிதறலாக, ஓரம் பிய்ந்து, நிலையத்தைச் சுற்றிய வட்டத்துக்குள் இருக்கும். மாடல் படத்தில் வழவழவென்று கறை போலப் பரவியிருக்கும். அசைவு எதிர்காலத்துக்கும் பல மணி நேரம் ஓடினால் அது ரேடார் இல்லை. வானிலை துறையின் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களைத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம். படத்தின் மூலையில் இருக்கும் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்றால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இதைக் கூட்டாமல் பழைய படம் என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய. நிற அளவுகோலில் 20 டிபிஇசட் (மழையில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் வலு) அளவு தூறல், 40-ஐத் தாண்டினால் பலத்த மழை, 50-க்கு மேல் ஆலங்கட்டியோ பேய்மழையோ. கடைசி மூன்று நான்கு படங்களைப் பார்த்து மேகம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், உங்களிடம் எப்போது வரும் என்பது கிடைத்துவிடும்.

வாட்சில் என்ன வேண்டும்

வாட்ச் திரையில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். அதில் இப்போதைய வெப்பத்தைப் போட்டு வீணாக்காதீர்கள். வெயில் சுடுகிறது என்பது வெளியே நின்றாலே தெரியும். உங்கள் முடிவை மாற்றக்கூடிய எண்ணைப் போடுங்கள். மழைக்காலத்தில் அடுத்த சில மணி நேர மழை வாய்ப்பு. ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரை ஊர்களில் 'உணரும் வெப்பம்'. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் 32 டிகிரி உடலுக்குச் சுமார் 41 டிகிரி போல இருக்கும். அந்தக் கணக்கும் நிழலில் நிற்பவருக்குத்தான். நேர் வெயிலில் இன்னும் கூடும். வண்டி ஓட்டுகிறவர்கள், கூரை வேலை செய்கிறவர்கள் காற்றின் திடீர் வேகத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வாட்ச் எந்த வகை என்பது. ஆப்பிள் வாட்சிலும் கூகுளின் வேர் ஓஎஸ் ஓடும் வாட்சிலும் நீங்கள் விரும்பும் வானிலை ஆப்பை நிறுவலாம். கார்மின், அமேஸ்ஃபிட் போன்றவற்றில் வானிலை அந்தந்த நிறுவனத்தின் போன் ஆப் வழியாகத்தான் வருகிறது. போனில் நீங்கள் எந்த வானிலை ஆப் வைத்திருந்தாலும் வாட்ச் அதைக் கண்டுகொள்ளாது. விலை குறைந்த வாட்ச்களும் அப்படியே. அவற்றில் நாளுக்குச் சில முறைதான் புதுப்பிக்கும், எப்போது புதுப்பித்தது என்பதையும் காட்டாது. வாட்சுக்காகத்தான் ஆப் தேடுகிறீர்கள் என்றால் வாட்ச் வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஆப்பிள் வாட்சில் முகப்பில் வைத்த ஆப்புக்குத்தான் பின்னணியில் அடிக்கடி புதுப்பிக்கும் உரிமை கிடைக்கும், மணிக்குச் சுமார் 4 முறை. முகப்பில் வைக்காமல் உள்ளே மட்டும் இருக்கும் ஆப் பெரும்பாலும் திறக்கும்போதுதான் தரவு தேடும், சில விநாடி பழைய எண்ணையே காட்டும். எனவே உங்கள் ஆப் வாட்ச் முகப்பில் வைக்கும் சிறு கட்டத்தைத் தருகிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, தரவு எந்த நேரத்தது என்று காட்டுகிறதா என்பது. ஒரு சோதனை செய்யுங்கள்: போனின் புளூடூத்தையும் வாட்சின் வைஃபையையும் 2 மணி நேரம் அணைத்து வையுங்கள். சிம் உள்ள வாட்ச் என்றால் அதன் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். பிறகு வாட்ச் முகப்பைப் பாருங்கள். பழைய எண்ணையே எந்த அடையாளமும் இல்லாமல் காட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆப் வேண்டாம். கோடு போட்டோ மங்கலாகவோ காட்டினால் நல்ல ஆப்.

எச்சரிக்கைக்குத் தனி வாட்ச் ஆப் தேவையே இல்லை. போனுக்கு வரும் தாமினி, மௌசம் அறிவிப்பை வாட்சுக்கும் அனுப்பச் சொன்னால் போதும். வாட்சின் துணை ஆப்பில் நோட்டிஃபிகேஷன் பகுதியில் இவை இரண்டையும் இயக்குங்கள். மற்ற வானிலை ஆப்கள் அனுப்பும் 'இன்று வெயில் நன்றாக இருக்கும்' வகை அறிவிப்புகளை எல்லாம் அணையுங்கள். நாளைக்குப் பத்து முறை கை அதிர்ந்தால், பதினோராவது அதிர்வு மின்னலுக்கானதாக இருந்தாலும் பார்க்க மாட்டீர்கள். ஆப்பிள் வாட்சில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: போனைக் கையில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அறிவிப்பு போனில்தான் வரும், போன் பூட்டியிருந்தால்தான் வாட்சுக்குப் போகும். அது பழுதில்லை. இரவு ஸ்லீப் ஃபோகஸ், பெட்டைம் மோடு இயங்கினால் எல்லாமே மௌனமாகிவிடும். மழைக்காலத்தில் எச்சரிக்கை ஆப்பை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

காற்றழுத்த உணரி உள்ள கார்மின் போன்ற வாட்ச்களில் 'ஸ்டார்ம் அலர்ட்' என்று ஒன்று உண்டு. சில மணி நேரத்தில் காற்றழுத்தம் குறிப்பிட்ட அளவு குறைந்தால் அதிரும். குளிர் நாடுகளுக்கு ஏற்ற வசதி அது. நம் பகுதியில் புயல் எதுவும் இல்லாமலே காற்றழுத்தம் தினமும் காலை 10 மணியளவில் உச்சத்தில் இருந்து மாலை 4 மணிக்குள் 3, 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கும். அளவைக் குறைத்து வைத்தால் தினமும் மதியம் பொய் எச்சரிக்கை வரும். மலை ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். சமவெளியில் 9 மீட்டர் ஏறினாலே சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். உணரி பாரோமீட்டர் நிலையில் இருந்தால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாட்ச் புயல் என்று சொல்லும். பயணத்தின்போது உணரியை ஆல்டிமீட்டர் அல்லது ஆட்டோ நிலையில் வையுங்கள்.

அனுமதிகள்: பெரும்பாலான கோளாறு இங்கேதான்

கணிப்பு பார்க்கும் ஆப்புக்கு லொகேஷன் அனுமதி அவசியமே இல்லை. வீடு, வேலையிடம், சொந்த ஊர் மூன்றையும் புள்ளி வைத்துச் சேமித்துவிட்டால் போதும். வானிலை ஆப்கள் இருப்பிடத் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது வழக்கு வரை போயிருக்கிறது. 2019-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நிர்வாகம் தி வெதர் சேனல் ஆப் மீது இதற்காக வழக்குத் தொடர்ந்தது, மறு வருடம் சமரசத்தில் முடிந்தது. 9 கி.மீ. கட்டத்துக்கு நீங்கள் நிற்கும் வீட்டு வாசல் தேவையில்லை. அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்துவிட்டுக் கொடுங்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அது ஒத்துவராது, அங்கே சில கிலோமீட்டர் விலகினாலும் வேறு வானிலை.

மின்னல், எச்சரிக்கை ஆப்களுக்கு நேர்மாறு. அவை மூடியிருக்கும்போதும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டில்:

1. செட்டிங்ஸ், ஆப்ஸ், தாமினி, பெர்மிஷன்ஸ், லொகேஷன் என்று போய் 'அலவ் ஆல் த டைம்' தேர்ந்தெடுங்கள்.
2. அதே ஆப் பக்கத்தில் பேட்டரியில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' வையுங்கள். ஷாவ்மி போன்ற போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக இருக்கும், அதையும் இயக்குங்கள்.
3. நோட்டிஃபிகேஷன் அனுமதி இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் இதைத் தனியாகக் கேட்கும். நிறுவும்போது அவசரத்தில் மறுத்திருப்பீர்கள்.
4. பக்கத்தின் அடியில், பயன்படுத்தாத ஆப்பை நிறுத்தி வைக்கும் பொத்தானை அணையுங்கள்.

நான்காவது படிதான் பலரும் விடுவது. சில மாதங்கள் ஒரு ஆப்பைத் திறக்காவிட்டால் ஆண்ட்ராய்டு அதன் அனுமதிகளைத் தானாகவே பறித்துவிடும். மே மாத இடிமழையில் நிறுவிய மின்னல் ஆப்பை நீங்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள், எச்சரிக்கை ஆப்பைத் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. ஐப்பசி வரும்போது அது செத்துக் கிடக்கும்.

ஐபோனில் லொகேஷன் 'ஆல்வேஸ்' என்றும், ஜெனரல் பகுதியில் பேக்ரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ் இயக்கத்திலும் இருக்க வேண்டும். லோ பவர் மோடில் போட்டால் பின்னணிப் புதுப்பிப்பு நின்றுவிடும், அப்போது விட்ஜெட், வாட்ச் எல்லாமே பழைய எண்ணைக் காட்டும். புயல் நாளில் சார்ஜ் மிச்சம் பிடிக்க லோ பவரில் போடுகிறவர்கள் எச்சரிக்கை தாமதமாகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு அவ்வப்போது ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஆப்பை மேலே தள்ளி மூடும் பழக்கத்தையும் விடுங்கள். அப்படி மூடிய ஆப் நீங்கள் மறுபடி திறக்கும் வரை பின்னணியில் புதுப்பிக்காது.

இரண்டு வாரச் சோதனை

ஸ்டோரில் இருக்கும் நட்சத்திரங்கள் உங்கள் ஊர் மழையைப் பற்றி எதுவும் சொல்லாது. நீங்களே அளந்துவிடலாம். நேராகச் சுவர் எழும்பிய, அடி தட்டையான ஒரு டப்பாவை மொட்டை மாடியில் மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், கவிழாமல் செங்கலுக்கு நடுவே வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுதான் மில்லிமீட்டர் மழை. வாய் அகலம் என்னவானாலும் பரவாயில்லை, சுவர் சரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாளி உதவாது, அது மேலே விரிந்திருக்கும்.

தினமும் மதியம் 1 மணிக்கு மேல், போட்டியில் இருக்கும் இரண்டு மூன்று ஆப்களும் மறுநாள் காலை 8.30 முதல் 24 மணி நேரத்துக்கு 2.5 மி.மீ.க்கு மேல் சொல்கின்றனவா, இல்லையா என்று எழுதுங்கள். அந்த 24 மணி நேரம் முடிந்ததும் டப்பா அளவை எதிரே எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு ஆப்புக்கும் மூன்று எண்ணிக்கை கிடைக்கும்: சொன்னது பெய்த நாட்கள், சொல்லாமல் பெய்த நாட்கள், சொல்லிப் பெய்யாத நாட்கள்.

ஒரு ஆப் 6 நாள் சரியாகச் சொல்லி, 2 நாள் தவறவிட்டு, 4 நாள் பொய் எச்சரிக்கை கொடுத்தது என்று வையுங்கள். பெய்த 8 நாளில் 6-ஐப் பிடித்திருக்கிறது, 75 சதவீதம். மழை என்று சொன்ன 10 நாளில் 4 பொய், 40 சதவீதம். நெல் காயவைக்கிறவருக்கும் பந்தல் போடுகிறவருக்கும் முதல் எண் பெரியதாக இருப்பதுதான் முக்கியம், பொய் எச்சரிக்கையால் பெரிய நட்டமில்லை. மழை என்றால் ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டட மேஸ்திரிக்கு இரண்டாவது எண் சிறியதாக இருக்க வேண்டும். ஒரே ஆப் ஒருவருக்கு நல்லதாகவும் இன்னொருவருக்கு மோசமாகவும் இருப்பது இப்படித்தான்.

ஒரு துளியும் பெய்யாத மார்ச் மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், எல்லா ஆப்பும் நூற்றுக்கு நூறு வாங்கும். மே மாத வெப்பச்சலன மழையில் கிடைத்த மதிப்பெண்ணையும் வடகிழக்குப் பருவமழைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். மாலை இடிமழை எங்கே வெடிக்கும் என்பதை மாடல்கள் அடிக்கடி தவறவிடும், வங்கக் கடலில் உருவாகி வரும் தாழ்வுப் பகுதியைப் பல நாள் முன்பே பிடித்துவிடும். ஐப்பசி பிறந்ததும் டப்பாவை மறுபடி மாடிக்கு ஏற்றுங்கள். அப்படியே தாமினியின் அனுமதிகள் இன்னும் இருக்கின்றனவா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.